மெத எலவுக்கு எந்தப் பீடம் பொறுப்பு?

உயர்தரப் பெறுபேறு வந்து இசட் புள்ளி கைக்குக் கிடைத்த கிழமைகளில் கண்டிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மருத்துவத்துக்குக் காணாது, பல் மருத்துவத்துக்கும் காணாது, மிருக வைத்தியத்துக்குக் கிட்ட வந்து நிற்கிறது. படிவத்தில் அடுத்து எதை எழுதுவது? பிள்ளை தயங்கித் தயங்கிச் 'சுற்றாடல் விஞ்ஞானம்' என்கிறது. மாமா சிரிக்கிறார். ரியூசன் மாஸ்டர் சிரிப்பதில்லை, விளக்கம் கொடுக்கிறார்: "அது எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா படிக்கிறது. ஒன்னுலயும் ஆழமில்ல. மொதல்ல கெமிஸ்ட்ரியோ ஜியோலஜியோ ஒழுங்கா படிச்சு முடி. சுற்றாடல அப்புறமா எம்.எஸ்ஸியில பாத்துக்கலாம்."

மாமாவை மறுப்பதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஆனால் மாஸ்டர் சொல்வதையேதான், இன்னும் நாகரிகமான மொழியில், பல்கலைக்கழகங்களில் நல்ல ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ஒரு துறையின் முறைமையில் நாலு வருடம் ஊறாதவருக்கு இன்னொரு துறையின் குறையும் நிறையும் தெரியாது. பல்துறைப் பட்டம் என்பது முதலாண்டுப் பாடங்களை நாலு வருடத்துக்கு நீட்டுவது. ஆற்றைப் பற்றிய கேள்விக்கு நீரியலாளர், இரசாயனவியலாளர், சட்டத்தரணி எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரவைத்தால் போதும், எல்லாம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் எதற்கு? வலுவான வாதம்தான். பிழையான வாதம் என்பதைக் காட்ட நான் குடியிருக்கும் அம்பிட்டியவிலிருந்து ஆறு போகும் வழியே கொஞ்சம் இறங்கிப் பார்த்தால் போதும்.

அம்பிட்டியவிலிருந்து நகருக்கு இறங்கும் பக்கத்தில் துனுமடலாவக் காடு இருக்கிறது. ஏறத்தாழ 480 ஹெக்டேயர். ஆதிக்காடு அல்ல, ஆங்கிலேயர் காலத்தில் தோட்டமாக இருந்து, நகருக்குக் குடிநீர் வேண்டும் என்பதற்காகப் பயிர்ச்செய்கை கைவிடப்பட்டு, மரங்கள் மெல்ல மீண்டு வந்த நிலம். அதற்குள் இருக்கும் இரண்டு சிறு நீர்த்தேக்கங்கள் கண்டிக்குக் குடிநீர் தந்தவை. அந்தச் சரிவுகளின் ஓடைநீர் கண்டி வாவிக்கு வருகிறது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்நிலத்தை மறித்துக் கட்டிய அந்த வாவி, 1999 இல் நச்சுப் பாசி படர்ந்து பச்சையாகி நாறியது. வாவியில் வழியும் நீர் மெத எலக் கால்வாயாக நகரின் நடுவே ஓடி, கடைகளின் கழிவையும் வீடுகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு கெட்டம்பேப் பக்கம் மகாவலியில் விழுகிறது. ஆறு இன்னும் கீழே இறங்கினால் கொஹாகொட குப்பைமேடு. பல பத்தாண்டுகளாகக் கண்டியின் குப்பை அங்கேதான் போய்க் குவிகிறது. மழை பெய்தால் அதன் சாறு ஆற்றுக்கு வடியும். நகரமும் சுற்றுப்புறமும் குடிக்கும் நீரும் இதே ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அதற்கும் கீழே பொல்கொல்ல. 1976 முதல் அங்கே மகாவலியின் ஒரு பங்கு மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் உக்குவெல மின்நிலையத்துக்கும், பிறகு சுது கங்கைக்கும், போவதென்ன நீர்த்தேக்கம் ஊடாகக் கலாவெவவுக்கும் போகிறது. கலாவெவயிலிருந்து அநுராதபுரம் நோக்கி ஓடுவது ஜெய கங்கை, தாதுசேனன் காலத்துக் கால்வாய். அம்பிட்டியச் சரிவில் பெய்த மழையின் ஒரு பகுதி, கண்டிக் கடைத்தெருவின் அழுக்கோடு, வறண்ட வலயத்து வயலுக்குப் போய்ச் சேர்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகம் இந்த ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. சிவில் பொறியியல், இரசாயனவியல், தாவரவியல், புவிச்சரிதவியல், மண் விஞ்ஞானம், புவியியல், சமுதாய மருத்துவம் என்று இந்த நீரை ஆராயக்கூடிய ஒவ்வொரு துறையும் அங்கே உண்டு. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஆராய்ந்தும் இருக்கிறது. மாதிரி எடுக்கிறார்கள், ஒட்சிசன் எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு என்று அளக்கிறார்கள், அட்டவணை போடுகிறார்கள். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. அட்டவணை இல்லாமல் எதுவும் தொடங்காது. ஆனால் மெத எலவின் ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் கழிவுக் குழாயை நேரே கால்வாய்க்குள் விட்டிருந்தால், ஏன் விட்டார் என்பதை எந்த அட்டவணை சொல்லும்? கடை வாடகைக்கு எடுத்தது. பின்புறத்தில் குழி வெட்ட நிலம் இல்லை. கண்டி 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை நகரம். பழைய கட்டடத்தில் கைவைக்க இலகுவில் அனுமதி கிடைக்காது. கட்டட உரிமையாளர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிறார். வழக்குப் போடவேண்டிய அதிகாரிக்கு அந்தக் கடையைப் பூட்டினால் பத்துக் குடும்பம் தெருவுக்கு வரும் என்பது தெரியும். ஜப்பானியக் கடனுதவியோடு கன்னொருவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது பெரிய காரியம். ஆனால் நிலையம் கட்டுவது பொறியியல். கடைக்காரரின் குழாயை அதற்குத் திருப்புவது பொறியியலும் காணிச் சட்டமும் உள்ளூராட்சிக் கணக்கும் சேர்ந்த வேலை. அந்தச் சேர்மானத்தை யார் படித்திருக்கிறார்?

இந்த இடத்தில் ஐந்திணையை இழுத்துவந்து, நிலத்தையும் பொழுதையும் தொழிலையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் நம் முன்னோர் என்று எழுதிக் கைதட்டு வாங்குவது வழக்கம். அந்த வேலைக்கு நான் வரவில்லை. குறிஞ்சி நிலத்துக் கழிவுநீருக்கு எந்தத் திணைக்களம் பொறுப்பு என்று தொல்காப்பியர் சொல்லிவைக்கவில்லை.

மெத எல நாறுவதோடு விட்டுவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. மலையகத் தமிழர் எவருக்கும் அந்த நாளை நினைவூட்டத் தேவையில்லை. ஆழத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மட்டும் ஒன்றை நினைவூட்டவேண்டும். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. புவிச்சரிதவியல் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பே செய்திருந்தது. ஆழம் இருந்தது, ஆட்கள் செத்தார்கள்.

ஏன் அவர்கள் எழுந்து போகவில்லை? மண்சரிவு நிபுணரிடம் கேட்டால், எச்சரித்தோம், கேட்கவில்லை என்பார். கேட்காதது அலட்சியம் அல்ல. நிலம் அரசுடையது. 1992 இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. லயன் அறை தொழிலாளியுடையது அல்ல, அவருக்குப் பத்திரம் இல்லை. அறையை விட்டால் வேலை போகும், பிள்ளையின் பாடசாலை போகும், கோயில் போகும், வாக்காளர் பதிவு போகும். போய் இருக்க வேறு நிலம் காட்டப்படவில்லை. சரி, பிரதேச சபை ஏதாவது செய்திருக்கலாமே என்றால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சபைகளின் கையைக் கட்டிவைத்திருந்தது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018 இல், மீரியபெத்தைக்கு நாலு வருடம் கழித்து. ஆக, எச்சரிக்கைக் கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் அதைச் செயலாக மாற்றும் அதிகாரமோ பணமோ நிலமோ எவரிடமும் ஒருசேர இருக்கவில்லை.

இதில் எந்த ஒன்றும் எந்த ஒரு துறையின் பாடத்திட்டத்திலும் 'சுற்றாடல்' என்று எழுதப்பட்டிருப்பதில்லை. சட்ட பீடத்துக்கு மண்ணின் நீர் அழுத்தம் தெரியாது. புவிச்சரிதவியல் துறைக்குப் பிரதேச சபைச் சட்டம் தெரியாது. சமூகவியலாளருக்கு லயனின் வரலாறு தெரியும், ஆனால் ஆபத்து வலய வரைபடத்தில் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் தடுமாறுவார். வரைபடத்தையும் வாசிக்கத் தெரிந்து, சட்டத்தின் அந்தப் பிரிவையும் வாசிக்கத் தெரிந்து, தோட்டத்துக் கோயில் திண்ணையில் தமிழில் உட்கார்ந்து பேசவும் தெரிந்த ஓர் இருபத்துநாலு வயது உத்தியோகத்தர் மேதையாக இருக்கவேண்டியதில்லை. பயிற்றப்பட்டிருந்தால் போதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடு முழுவதும் மண் சரிந்தபோது, உயிரிழப்பில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் எங்கள் கண்டியும் ஒன்று. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. வானிலை விஞ்ஞானம் 2014 ஐவிட முன்னேறியிருந்தது. திணைக்களத்திலிருந்து லயத்து வாசல் வரையான தூரம் குறையவில்லை.

குழு போதும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இலங்கையில் இது வெறும் யோசனை அல்ல, சட்டம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், அதற்கு 1988 இல் வந்த திருத்தம், 1993 இல் வந்த ஒழுங்குவிதிகள் எல்லாம் சேர்ந்து, பெரிய திட்டம் எதற்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கின்றன. முப்பது வருடத்துக்கு மேலாக நிபுணர்கள் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். விளைவு என்ன என்று அறிந்துகொள்ள அப்படியான அறிக்கை ஒன்றைப் புரட்டினால் போதும். தாவரங்கள் பற்றி ஓர் அத்தியாயம், நீர் பற்றி ஓர் அத்தியாயம், சமூகம் பற்றி மெலிந்த ஓர் அத்தியாயம். ஒரு அத்தியாயத்துக்கு மற்றது இருப்பது தெரியாது. பல அறிக்கைகளில் எல்லாப் பக்கங்களையும் தொட்ட ஒரே ஆள் பைண்டிங் செய்தவர்தான்.

உமா ஓயாத் திட்டத்துக்கும் மதிப்பீடு இருந்தது. 2014 இறுதியில் சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்தது; பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. சுரங்கப் பொறியியலாளருக்கு அது சமாளிக்கவேண்டிய ஒரு கசிவு. மலைக்கு மேலே மரக்கறி பயிரிட்டவருக்கு அது வாழ்வு. இந்த இரண்டும் ஒரே நிகழ்வு என்பதை முன்கூட்டியே எழுதவேண்டிய அத்தியாயம் எந்த நிபுணருடைய பொறுப்பும் அல்ல. குழு என்பது ஆட்களைச் சேர்க்கும், கேள்விகளைச் சேர்க்காது. கேள்விகளைச் சேர்க்க ஒருவருக்கு அந்த மேசையிலுள்ள மொழிகளில் இரண்டு மூன்றாவது சரளமாக வரவேண்டும்.

அப்படிச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எப்பாவெல பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து அவசரமாகத் தோண்டி எடுக்கும் திட்டத்துக்கு எதிராக, அங்கே வாழ்ந்த மக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000 இல் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர் படிப்பது. எனக்கு அது சுற்றாடல் பட்டப்படிப்பின் முதல் பாடநூலாகவே தோன்றும். படிவில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாக எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு எவ்வளவு மிஞ்சும், எத்தனை குடும்பம் எழும்பவேண்டிவரும், 1972இன் ஸ்ரொக்ஹோம் பிரகடனமும் 1992இன் ரியோ பிரகடனமும் என்ன சொல்கின்றன, பழைய குளங்களும் கால்வாய்களும் என்னாகும் என்பவற்றையெல்லாம் ஒரே ஓட்டத்தில் நிறுத்துப் பார்த்து, முழுமையான ஆய்வு வரும்வரை திட்டத்தைத் தடுத்தது அந்தத் தீர்ப்பு. அங்கே ஆபத்திலிருந்த கால்வாய் எது தெரியுமா? ஜெய கங்கை. ஓர் ஓய்வில்லாத நீதிபதி தன் அனுபவத்தாலும் வாசிப்பாலும் செய்த காரியம் அது. ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் ஒரு நீதியரசரை அனுப்ப முடியாது.

'பல்துறை' என்றாலே ஆழமில்லை என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? பேராதனை மருத்துவ பீடத்தில் உடற்கூறு, உடற்றொழில், உயிர் இரசாயனம், மருந்தியல், நோயியல், உளமருத்துவம், சமுதாய மருத்துவம் என்று படிக்கிறார்கள். எவரும் அதை எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று சொல்வதில்லை. முதலில் இரசாயனவியலில் பட்டம் எடு, வைத்தியத்தை எம்.எஸ்ஸியில் பார்க்கலாம் என்று எந்த ரியூசன் மாஸ்டரும் சொல்வதில்லை. விவசாய பீடத்தில் மண், பயிர், விலங்கு வேளாண்மை, விவசாயப் பொறியியல், விவசாயப் பொருளியல், உணவு விஞ்ஞானம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எங்கள் அம்பிட்டியவிலேயே இருக்கும் குருமடத்தைப் பாருங்கள். 1893 இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் முழு இந்தியத் துணைக்கண்டத்துக்குமாக நிறுவியது. 1955 இல் அந்தப் பாப்பரசர் குருமடம் பூனாவுக்குப் போனபின் இலங்கையின் தேசிய குருமடமானது. அங்கே மெய்யியலும் இறையியலும் வேதாகமமும் திருச்சபைச் சட்டமும் வரலாறும் ஒருவரே படிக்கிறார். பங்கில் போய் இறங்கினால் எல்லாம் வேண்டும் என்பதால். நோயாளி, வயல், பங்கு எல்லாம் ஒரு முழுப் பொருள் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு, ஓர் ஆற்றுப் படுகையும் ஒரு முழுப் பொருள் என்று ஏற்க மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்? மருத்துவத்தின் கலவை பழகிவிட்டது, அதனால் துறை என்று பெயர் பெற்றுவிட்டது. சுற்றாடலின் கலவை புதியது, அதனால் கலவை என்றே அழைக்கப்படுகிறது.

புதியது என்றும் முழுக்கச் சொல்லமுடியாது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1967 இலேயே சுற்றாடல் விஞ்ஞானங்களுக்குத் தனிப் பள்ளி தொடங்கியது. ஆழம் அற்ற இடம் என்று அதை ஏளனம் செய்தவர்களுக்குப் பதில், 1972 இல் ஹியூபர்ட் லாம்ப் அதற்குள் தொடங்கிய காலநிலை ஆய்வுப் பிரிவு. பூமி சூடாகிறது என்பதை உலகம் நம்பக் காரணமான வெப்பநிலைப் பதிவுத் தொடர்களில் ஒன்று அங்கிருந்து வந்தது. பழைய ஆவணங்களையும் கப்பற் பதிவேடுகளையும் வாசித்துக் காலநிலையை எழுதியவர் லாம்ப். அவர் வரலாற்றாசிரியரா, வானிலையாளரா?

'ஒரு துறையில் வேரூன்றிய பிறகு கடக்கலாமே' என்பவர்கள் பேராதனைப் பேராசிரியர் சி. பி. திஸாநாயக்கவைக் காட்டுவார்கள். புவிச்சரிதவியலாளர், பாறையிலும் நீரிலும் உள்ள மூலகங்கள் மனித உடலுக்கு என்ன செய்கின்றன என்ற மருத்துவப் புவிச்சரிதவியலில் உலகளவில் பெயர் பெற்றவர், ரோஹண சந்திரஜித்தோடு சேர்ந்து 2009 இல் அதற்கொரு பாடநூல் எழுதினார். உண்மை, அவர் முதலில் பாறையைப் படித்தார். ஆனால் அந்தத் தாண்டலுக்கு ஓர் ஆய்வாளரின் அரை ஆயுள் போகிறது, அசாதாரணத் துணிவும் வேண்டும். ஒரு நாட்டின் சுற்றாடல் நிர்வாகத்தை அசாதாரணமானவர்களின் நடுத்தர வயதை நம்பி நடத்தமுடியாது.

பிரிந்து நின்று படிப்பதற்கு நாம் கொடுத்த விலையை அறிய வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைப் பார்க்கலாம். 1990களிலிருந்து விவசாயிகள் காரணம் தெரியாமல் சாகிறார்கள். புளோரைட்டும் கடின நீரும் என்றது ஒரு துறை. கட்மியம் என்றது இன்னொன்று. ஆர்சனிக், பிறகு கிளைபோசேற், பிறகு வெயிலில் உழைத்து உடல் வறள்வது. ஒவ்வொரு துறையும் தன் கருவியில் தெரிந்ததைக் காரணமாகப் பிடித்துக்கொண்டு மற்றதோடு பத்திரிகைகளில் சண்டை போட்டது. அரசு 2015 இல் கிளைபோசேற்றைத் தடை செய்தது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திருப்பி அனுமதித்தது. தடையும் தளர்வும் விஞ்ஞானத்தின் முடிவா, சந்தையின் முடிவா என்பது இன்றுவரை விவாதம்.

அதற்கும் மேலே போனது 2021 மே மாதம். சுற்றாடலின் பெயராலும் அதே சிறுநீரக நோயின் பெயராலும் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. நஞ்சற்ற விவசாயம் என்ற எண்ணம் நல்லதுதான். ஒரு போகத்துக்கு எத்தனை தொன் சேதன உரம் வேண்டும், நாட்டில் எவ்வளவு உண்டு, நெற்பயிருக்கு நைதரசன் எப்போது வேண்டும், விளைச்சல் விழுந்தால் அரிசி வாங்க டொலர் எங்கே, தேயிலை விழுந்தால் மலையகத்துச் சம்பளம் என்னாகும் என்ற கேள்விகளை ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் முடிவெடுத்த அறையில் இருக்கவில்லை, அல்லது அவர் பேச்சு எடுபடவில்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அதற்குள் வயலில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பல்துறைக் கல்வியை எதிர்ப்பவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவார்கள்: பாருங்கள், சுற்றாடல்காரர் செய்த வேலை. நான் எதிர்மாறாகச் சொல்கிறேன். அது சுற்றாடல் ஆர்வம் இருந்தும் சுற்றாடல் படிப்பு இல்லாத முடிவு. பற்று இருந்தது, கணக்கு இருக்கவில்லை. இந்தப் பட்டம் சரியாகக் கற்பிக்கப்பட்டால், முதலில் குணப்படுத்தவேண்டியது அந்த வகைப் பற்றைத்தான்.

சரியாகக் கற்பிக்கப்பட்டால் என்றேன். எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஒரே நல்ல சீட்டு இதுதான். இந்தியாவில் 1991 இல் எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பிறகு இளநிலை மாணவர் எல்லோருக்கும் அது ஒரு கட்டாயத் தாள் ஆனது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதைப் பற்றி விசாரித்தால் சிரிப்பார்கள்: பரீட்சைக்கு முதல் நாள் இரவு படித்து, மறுநாள் மறந்துவிடும் தாள். எல்லோருக்கும் கொஞ்சம் தூவுவது பல்துறைக் கல்வி அல்ல. அதைக் காட்டி முழுப் பட்டத்தையும் கேலி செய்வது, முதலுதவி வகுப்பைப் பார்த்துவிட்டு மருத்துவ பீடத்தை மூடச் சொல்வது போன்றது.

இலங்கையில் களனியில் சுற்றாடல் பாதுகாப்பும் முகாமைத்துவமும் என்ற பட்டம் உண்டு. வவுனியாவில், 2021 இல் அது தனிப் பல்கலைக்கழகமாவதற்கு முன்பிருந்தே, பிரயோக விஞ்ஞான பீடத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் உண்டு. நல்ல மாணவரை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் குறை, அவை பல்துறையாக இருக்கின்றன என்பதல்ல. போதிய அளவு இல்லை என்பதுதான். பெயரைத் திறந்து பார்த்தால் இவ்வகைப் பட்டங்களின் முதுகெலும்பு உயிரியலும் இரசாயனவியலும். சட்டமும் பொருளியலும் ஓரிரு பாடங்களாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வரலாறு அறவே இல்லை. இரண்டாவது தேசிய மொழியில் கிராமத்து மனிதரோடு ஒரு மணி நேரம் பேசும் பயிற்சி எங்கே? நாலு வருடத்தில் எல்லாம் எப்படி என்பார்கள். எல்லாம் வேண்டாம். ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெத எல முழுவதையும், துனுமடலாவ முதல் கெட்டம்பே வரை, ஒரு வகுப்பு நாலு வருடம் படிக்கட்டும். முதல் வருடம் நீரை அளக்கட்டும். இரண்டாம் வருடம் கரையோரக் காணி யாருடையது என்று காணிப் பதிவகத்தில் தேடட்டும். மூன்றாம் வருடம் கடைக்காரரின் கணக்கையும் சபையின் வரவுசெலவையும் வாசிக்கட்டும். நாலாம் வருடம் சபைக்குமுன் நின்று ஒரு தீர்வைச் சொல்லி, திட்டும் வாங்கட்டும். இதில் ஆழம் இல்லையென்றால் ஆழம் என்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

வேலை? மாமாவின் கேள்வி. வேலை கிடைக்காத பட்டதாரிகள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். வேலை கிடைத்த பொறியியலாளரும் வைத்தியரும் விமானம் ஏறுகிறார்கள். தேயிலைக் கம்பனிக்கு ரெயின்ஃபொரஸ்ற் அலையன்ஸ் சான்றிதழ் வேண்டும், ஆடைத் தொழிற்சாலைக்கு வெளிநாட்டு வாங்குபவர் கேட்கும் நீர்க் கணக்கு வேண்டும், வங்கிக்கு மண்சரிவு வலயத்தில் கடன் கொடுப்பதா என்று தெரியவேண்டும். ஹந்தானை 2010 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட பின்பும் சரிவை வெட்டி வீடு கட்டுகிறவர்களுக்கும், அவர்களுக்கு அனுமதி கொடுப்பவர்களுக்கும் யாராவது தேவை. அரச உத்தியோகங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல்களில் இந்தப் பட்டத்துக்கு இடமில்லை என்றால் திருத்தவேண்டியது அறிவித்தலை.

உள்ளே போகும் கதவும் திருத்தப்படவேண்டும். இவ்வகைப் பட்டங்களுக்கு அனுமதி பெரும்பாலும் உயிரியல் பிரிவில் படித்தவருக்கே. ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கலைப்பிரிவில் புவியியலும் பொருளியலும் எடுத்து நன்றாகச் சித்தியடைந்தாலும், அவற்றில் பலவற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எந்தக் கானில் மழைத்தண்ணீர் முதலில் கலங்கும், எந்த லயத்துச் சுவர் எந்த வருடம் வெடித்தது, துரைமார் எந்தக் கடிதத்துக்கு அசைவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாத இரசாயனவியலை முதலாண்டில் சொல்லிக்கொடுக்கலாம். உயிரியல் பிரிவிலிருந்து வந்தவருக்கு அதே ஆண்டில் பொருளியல் சொல்லிக்கொடுப்பது போல. மருத்துவத்தைத் தவறவிட்டவர்களுக்கான ஆறுதல் பரிசாக இந்தப் பட்டத்தை வைத்திருப்பது அந்தக் கதவுதான். இதன் தரம் பற்றி உண்மையாகக் கவலைப்படும் பேராசிரியர்கள், அடுத்த அனுமதிக் கையேடு அச்சுக்குப் போகுமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதவேண்டிய கடிதம் இதைப் பற்றியது.